அந்தமான் இரவுக்கு எந்தப் போர்வை?

பனியே விழாத தீவுகளில் மழைக் கூதலோடு மல்லுக்கட்டி வாழ்ந்த வேட்டைக்காரர்கள் எப்படித் தூங்கினார்கள் என்று தெரிந்துகொண்டால், பயணியின் மூட்டையில் பாதி எடை குறையும். தூக்கமும் வரும்.

அந்தமானில் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. ஜனவரி மாதத்து விடியற்காலையிலும் போர்ட் பிளேரில் வெப்பமானி 22, 23 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். (அந்த ஊருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று புதுப்பெயர் வைத்தாகிவிட்டது. பழைய பெயர் இன்னும் நாக்கை விட்டுப் போகவில்லை.) லடாக்குக்குக் கொண்டுபோன தடித்த ஸ்லீப்பிங் பேக்கை முதுகில் கட்டிக்கொண்டு ஒருவர் இங்கே கப்பலை விட்டு இறங்கினால் உள்ளூர்க்காரர்களுக்குச் சிரிப்பு வரும். நியாயமான சிரிப்புதான்.

ஆனால் மே மாதக் கடைசியில் தென்மேற்குப் பருவமழை இறங்கிய பிறகு காட்டோரத்தில் ஓர் இரவைக் கழிக்க நேர்ந்தவர் சிரிக்க மாட்டார். சட்டை நனைந்திருக்கும். தரை ஊறிக் கிடக்கும். கடலிலிருந்து காற்று விடாமல் அடித்துக்கொண்டிருக்கும். 24 டிகிரியிலும் பல் தந்தியடிக்கும். வெப்பமானியைப் பார்த்துப் போர்வை வாங்குகிறவர் ஏமாறும் இடம் இது.

இதைத் தமிழர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. குளிர், பனி, வாடை, கூதல் என்று தனித்தனியாகச் சொல் வைத்திருக்கும் மொழி நம்முடையது. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம். அந்தக் குளிர் பனிக்கட்டியோடு வருவதல்ல, மழையோடு வருவது. பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடை இந்தப் பருவத்தைத்தான் பேசுகிறது. வெள்ளத்துக்குப் பயந்து மேட்டு நிலத்துக்கு மாடுகளை ஓட்டிச்சென்ற இடையர்கள் கையில் கொள்ளிக்கட்டையோடு நடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். அரண்மனையில் அரசிக்கோ அன்னத்தின் தூவியைப் பரப்பிய மெத்தை. (அவளுக்குத் தூக்கம் வரவில்லை. அதற்குக் காரணம் வேறு.)

கூதலுக்கு மனிதன் கண்ட இரண்டு பதில்களும் அந்தப் பாட்டிலேயே இருக்கின்றன. ஒன்று தூவி, மற்றொன்று நெருப்பு. உலகமெங்கும் ஸ்லீப்பிங் பேக் செய்யும் கம்பெனிகள் முதல் பதிலைப் பிடித்துக்கொண்டன. அந்தமான் வேட்டைக்காரர்கள் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார்கள். இந்தத் தீவுகளில் எது எடுபடும் என்பதுதான் கேள்வி.

தூவியின் கணக்கு

ஸ்லீப்பிங் பேக் சூடு தராது. தூங்குகிற மனித உடம்பு 70, 80 வாட் பல்ப் அளவுக்கு வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. அந்த வெப்பம் ஓடிப்போகாமல் பிடித்து வைப்பதுதான் பையின் வேலை. அதைச் செய்வதும் துணியல்ல. துணிக்குள் அடைபட்டு நகராமல் நிற்கும் காற்று. வாத்து, பெருவாத்துகளின் மார்புத் தூவி இந்த வேலையில் கெட்டிக்காரத்தனமானது. ஒரு பிடித் தூவி உப்பி ஏராளமான காற்றைச் சிறைப்பிடிக்கும். அமுக்கினால் ஒரு சின்னப் பைக்குள் அடங்கிவிடும்.

கடையில் பையைப் புரட்டினால் லேபிளில் டிகிரிக் கணக்கு இருக்கும். 2002-இல் ஐரோப்பாவில் வந்த தர அளவு பிறகு ஐ.எஸ்.ஓ. 23537 என்ற சர்வதேச அளவாயிற்று. அதில் கவனிக்க வேண்டியவை இரண்டு எண்கள். 'கம்ஃபர்ட்' என்பது குளிரை அதிகம் உணரும் ஒருவர், பொதுவாகப் பெண், நிம்மதியாகத் தூங்கக்கூடிய வெப்பநிலை. 'லிமிட்' என்பது ஓர் ஆண் உடம்பைச் சுருட்டிக்கொண்டு சமாளிக்கக்கூடிய எல்லை. மூன்றாவதாக 'எக்ஸ்ட்ரீம்' என்று ஓர் எண் இருக்கும். அது தூக்கத்துக்கான எண்ணே அல்ல, உயிர் தங்குவதற்கான எண். அதைப் பார்த்துப் பை வாங்குகிறவர்கள்தான் நடுங்குகிறார்கள்.

லேபிள் சொல்லாத விஷயங்களும் உண்டு. நம் எடையில் நசுங்குவதால் முதுகுக்குக் கீழே இருக்கும் தூவி காற்றைப் பிடிக்காது. அங்கே குளிரைத் தடுப்பது பைக்கு அடியில் விரிக்கும் பாய்தான். அடுத்தது ஈரம். நனைந்த தூவி உருண்டு கட்டியாகி, உப்பும் சக்தியை இழக்கும். ஒருமுறை நனைந்தால் காட்டில் உலர்த்துவது நடக்காத காரியம். செயற்கை இழை அடைத்த பை கனமானது, இடத்தை அடைக்கும். ஆனால் நனைந்தாலும் ஓரளவு சூட்டைக் காக்கும், சீக்கிரம் உலரும். அலாஸ்காவிலும் கனடாவிலும் இலையுதிர் காலத்தில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் தூவியா, செயற்கை இழையா என்று ஓயாமல் வாதம் செய்வது இதனால்தான். பகலெல்லாம் நடந்து வியர்த்து, தூறலில் நனைந்து, இரவில் அதே உடம்போடு பைக்குள் புகுகிறவன் வேட்டைக்காரன்.

நம் ஊருக்குத் தெரிந்த மூன்றாவது பொருள் கம்பளி. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளிக்குக் கம்பளிதான் மழைக்கோட்டு, அதுதான் போர்வை. தலையில் போட்டுக்கொண்டு கொழுந்து பறித்தார்கள். ஆட்டு ரோமம் ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் கொஞ்சம் கதகதப்பை விட்டு வைக்கும். 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பியவர்களில் ஒரு பகுதியினர் 1970களில் நிகோபாரின் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டார்கள். மலைக் குளிரில் பழகிய குடும்பங்கள் வந்து சேர்ந்த இடத்தில் கம்பளிக்கு வேலையில்லை. மழைக்கு மட்டும் குறைவில்லை.

ஈரம் எவ்வளவு பொல்லாதது என்பதற்கு உலகத்தின் மறுகோடியிலிருந்து ஒரு சாட்சி உண்டு. 1911-இல் ஸ்காட்டின் அன்டார்க்டிகா குழுவைச் சேர்ந்த மூவர், எம்பரர் பென்குவின் முட்டைகளைத் தேடி நடுக்குளிர்கால இருட்டில் ஐந்து வாரம் நடந்தார்கள். அவர்களில் ஒருவரான ஆப்ஸ்லி செரி-காரார்ட் பின்னர் அதைப் புத்தகமாக எழுதினார். பனிமான் தோல் பைகளில் அவர்கள் தூங்கினார்கள். வெளியே மைனஸ் 60 டிகிரியைத் தொடும் குளிர். ஆனால் பையைக் கெடுத்தது வெளிக்குளிரல்ல, உள்ளே இருந்தவர்களின் வியர்வையும் மூச்சும்தான். அந்த ஈரம் தோலிலேயே உறைந்தது. புறப்படும்போது சுமார் 8 கிலோ இருந்த செரி-காரார்டின் பை திரும்பும்போது 20 கிலோ. ஒவ்வோர் இரவும் பனிப்பலகையாகிவிட்ட பைக்குள் உடம்பை நுழைப்பதே ஒரு போராட்டம்.

மைனஸ் 60-லேயே ஈரம் இந்தப் பாடு படுத்தினால், ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெறும் போர்ட் பிளேரில் என்ன ஆகும்? (சென்னைக்குக் கிடைப்பது இதில் பாதிக்கும் குறைவு.) தூவிப் பை இங்கே முதல் வாரத்தில் வியர்வையில் ஊறும், இரண்டாம் வாரத்தில் பூஞ்சைக்காளான் வாடை அடிக்கும். பெட்டிக்குள் வைத்த தோல் செருப்பே பச்சை பூக்கும் ஊர் இது.

மழையே வேட்டைப் பருவம்

செரி-காரார்டின் புத்தகம் வெளிவந்த அதே 1922-இல் இன்னொரு புத்தகமும் வந்தது: மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் எழுதிய 'அந்தமான் தீவுவாசிகள்'. 1906-லிருந்து 1908 வரை தீவுகளில் தங்கி அவர் சேகரித்த விவரங்கள் அதில் இருக்கின்றன. கூதலைப் பற்றி யோசிப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: அந்தமானில் பன்றி வேட்டைக்கு உகந்த காலம் மழைக்காலம்.

காரணம் எளிது. அந்தமான் காட்டில் புலி, சிறுத்தை கிடையாது. புள்ளிமான்கள் ஆங்கிலேயர்கள் கொண்டுவந்து விட்டவை. ஆதியிலிருந்தே இருந்த பெரிய வேட்டை விலங்கு, உருவத்தில் சிறிய காட்டுப்பன்றி ஒன்றுதான். கோடையில் அது மெலிந்திருக்கும். சருகு காய்ந்து கிடப்பதால் அடி எடுத்து வைத்தாலே சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். மழைக்காலத்தில் பன்றி கொழுத்திருக்கும், நனைந்த சருகு மிதித்தாலும் வாய் திறக்காது. ஆகவே மழை வலுக்கும்போதுதான் ஆண்கள் வில்லை எடுத்தார்கள். பன்றிக்கென்றே ஓர் அம்பு: பாய்ந்ததும் முனை கழன்றுகொள்ளும், முனையையும் தண்டையும் ஒரு கயிறு இணைத்திருக்கும். ஓடும் பன்றியின் பின்னால் தண்டு இழுபட்டுப் புதரில் சிக்கிக்கொள்ளும். லிட்டில் அந்தமானின் ஓங்கிகளுக்கு நாய்கள் பிற்காலத்தில் கிடைத்த துணை. 1858-இல் ஆங்கிலேயர்கள் கைதிகள் குடியிருப்பை அமைத்த பிறகுதான் இந்தத் தீவுகளுக்கு நாய் வந்தது.

வருடத்தின் மிக ஈரமான மாதங்களில், உடம்பில் துணியே இல்லாமல், காட்டில் இரவு தங்க வேண்டிய தொழில். ஸ்லீப்பிங் பேக் கம்பெனிக்காரர் ஒருவரிடம் இந்தக் கணக்கைக் கொடுத்தால் தலையைச் சொறிவார். தீவின் விடை மூன்று துண்டுகளாக இருந்தது.

முதல் துண்டு, பரண். ஓங்கிகளின் பெரிய பொதுக் குடிசை வட்ட வடிவமானது. பல குடும்பங்கள் அதற்குள் அடங்கும். சுவரோரமாக வரிசையாகப் படுக்கைப் பரண்கள். கழிகளை நட்டு, மேலே பிரம்பும் கழிகளும் பரப்பிக் கட்டியவை. தினைப்புனம் காக்கப் பரண் கட்டிய நமக்கு இது புரியாத தொழில்நுட்பமல்ல. ஈரத் தரை உடம்புச் சூட்டை உறிஞ்சுவது, மழைநீர் ஊறி வருவது, அட்டையும் பூரானும் ஏறுவது ஆகிய மூன்றுக்கும் ஒரே முழ உயரத்தில் பதில் சொல்லியாகிவிட்டது.

இரண்டாவது துண்டு, ஓலைக் கூரை. பெரிய குடிசையில் அது கிட்டத்தட்டத் தரையைத் தொடுமளவுக்குத் தாழ்ந்திருக்கும். காற்று நுழையாது, சாரல் அடிக்காது. வேட்டைக்காகக் காட்டில் ஓரிரு நாள் தங்கும்போது அவ்வளவு வேலை இல்லை. சாய்வாக ஒரு பக்கம் மட்டும் ஓலை சார்த்தினால் போதும். காற்று வரும் திசைக்கு முதுகு, நெருப்புக்கு முகம்.

மூன்றாவது துண்டுதான் உயிர்நாடி: நெருப்பு. பரணுக்கு அருகிலேயே மெல்லப் புகைந்துகொண்டிருக்கும் கட்டை. சூடு மேலே ஏறிப் படுக்கையைத் தொடும். புகை கொசுவை விரட்டும், கூரை ஓலை செல்லரிக்காமல் காக்கும். வேட்டையிலிருந்து நனைந்து வந்த உடம்பு அதன் முன்னால் சில நிமிடங்களில் உலர்ந்துவிடும். சட்டை போட்டிருந்தால் சில மணி நேரம் ஆகும்.

வேடிக்கை என்னவென்றால், நெருப்பை இவ்வளவு நம்பிய இந்த மக்களுக்குப் புதிதாக நெருப்பு உண்டாக்கும் வழக்கம் இல்லை என்று அந்தக் காலத்து ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். இருக்கும் நெருப்பை அணையாமல் காப்பதுதான் கலை. முகாம் மாறும்போது கனன்றுகொண்டிருக்கும் கட்டையைப் பத்திரமாகக் கொண்டுபோனார்கள். மரப்பிசினை ஓலையில் சுற்றிப் பந்தம் செய்தார்கள். வேட்டைக்காரனின் மூட்டையில் விலைமதிப்புள்ள சாமான் போர்வையல்ல, கொள்ளிக்கட்டை. நெடுநல்வாடையின் இடையர்களுக்கு இது உடனே புரிந்திருக்கும்.

துணி கொடுத்தவர்கள்

புரியாமல் போனது துணி உடுத்தி வந்தவர்களுக்கு. ஆடையில்லாத மனிதனைப் பார்த்ததும் 'பாவம், குளிருமே' என்று இரங்குவது நாகரிகத்தின் முதல் அனிச்சைச் செயல். 1863-இல் ராஸ் தீவில் 'அந்தமான் இல்லம்' திறந்து, கிரேட் அந்தமானியர்களைக் கொண்டுவந்து தங்கவைத்து, உடுத்தப் பழக்கினார்கள். அவர்களைக் கொன்றது சட்டையல்ல. வெளியாட்களோடு வந்த நோய்கள்: 1868-இல் நிமோனியா, 1877-இல் அம்மை, 1892-இல் இன்ஃப்ளூயன்சா, இவற்றுக்கிடையே மேகநோய். ஆயிரக்கணக்கில் இருந்தவர்கள் 1901 கணக்கெடுப்பில் 625 பேர், 1961-இல் 19 பேர். (2011-இல் 44.) ஆனால் மழைக்காட்டில் துணி என்பது கதகதப்பல்ல, உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஈரம். சீக்குப் பிடித்த நெஞ்சுக்கு அது எந்த விதத்திலும் உதவியிருக்க முடியாது.

ஜாரவாக்கள் இதை வேறு விதமாகக் கையாண்டார்கள். 1974-இல் நிர்வாகத்தின் குழுக்கள் அவர்களோடு நட்புத் தொடர்பை ஏற்படுத்தியபோது தேங்காய், வாழைப்பழத்தோடு சிவப்புத் துணியும் அன்பளிப்பாகப் போயிற்று. ஜாரவாக்கள் துணியைக் கிழித்து நூலாக்கி இடுப்பிலும் நெற்றியிலும் அணிகலனாகக் கட்டிக்கொண்டார்கள். போர்த்திக்கொள்ளவில்லை. 1997-98-இல் அவர்கள் தாங்களாகவே காட்டை விட்டு வெளியே வரத் தொடங்கிய பிறகு நிலைமை மாறிற்று. 1999-இல் அவர்களிடையே அம்மை பரவியபோது, பழைய சரித்திரம் திரும்புமோ என்ற பயம் அதிகாரிகளுக்கும் ஆய்வாளர்களுக்கும் இருந்தது. 2011 கணக்கெடுப்பில் ஜாரவாக்கள் 380 பேர், ஓங்கிகள் 101 பேர்.

ஓங்கிகளுக்கு வந்தது துணி மட்டுமல்ல, வீடும். 1970களுக்குப் பிறகு டுகாங் கிரீக்கில் அரசு மரவீடுகளைக் கட்டிக் கொடுத்தது. கால் நட்டு உயர்த்திய வீடுகள்தான். ஆனால் உள்ளே நெருப்பு மூட்டிப் பரணுக்குச் சூடேற்றும் யோசனை அந்த வரைபடத்தில் இல்லை. வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓங்கிகள் தங்கள் பாணிக் குடிசையைப் போட்டுக்கொண்டார்கள்.

நிகோபாரிலும் இதே கதை பெரிய அளவில் நடந்தது. கார் நிகோபாரின் மரபுவழிக் குடிசை தேன்கூட்டைக் கவிழ்த்தது போன்றது. ஆள் உயரக் கால்களின் மேல் நிற்கும். தரை வழியாக ஏணி. தளம் இடைவெளிவிட்ட பிளாச்சுகளாலானது, கீழிருந்து காற்று வரும். தடித்த புல் கூரை வெயிலையும் மழையையும் ஒருசேரத் தடுக்கும். படுக்கை, விரித்து உலர்த்திய பாக்கு மட்டை. தலைக்கு மரத் தலையணை. பஞ்சும் வேண்டாம், கம்பளியும் வேண்டாம். 2004 டிசம்பர் 26 சுனாமி இந்தக் குடிசைகளை ஊர் ஊராகத் துடைத்துக்கொண்டு போயிற்று. பதிலுக்கு முதலில் வந்தவை தகரக் கொட்டகைகள். பகலில் அடுப்பு, மழையில் முரசு. பிறகு ஆயிரக்கணக்கில் நிரந்தர வீடுகள் வந்தன. அவற்றிலும் தகரக் கூரைதான். உயிர் பிழைத்தவர்களுக்குக் கூரை கொடுத்ததைக் குறைசொல்ல முடியாது. ஆனால் இந்த ஈரத்தில் எப்படித் தூங்குவது என்பதைப் பல தலைமுறைகளாகப் பரிசோதித்துப் பார்த்தவர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். அவர்களிடம் கேட்டிருக்கலாம்.

வேட்டை யாருக்கு?

வெளியூர்க்காரர் இங்கே வேட்டைக்குப் போக முடியுமா? முடியாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991-இல் வந்த திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டையை நாடு முழுவதும் முடிவுக்குக் கொண்டுவந்துவிட்டன. அதே சட்டத்தின் 65-வது பிரிவு ஒரே ஒரு இடத்துக்கு விலக்கு அளிக்கிறது. நிகோபார் தீவுகளின் பழங்குடிகளுக்கு 1967 ஏப்ரல் 28 அறிவிக்கையின்படி உள்ள வேட்டை உரிமைகளை இந்தச் சட்டம் தொடாது என்கிறது. சிங்கத்துக்கும் புலிக்கும் சட்டம் எழுதியவர்கள் நினைவாக ஒரு தீவுக்கூட்டத்தின் பன்றி வேட்டைக்கு ஒரு வரி ஒதுக்கினார்கள்.

அந்தமானில் பழங்குடிகளின் காடுகளுக்கு 1956-ஆம் ஆண்டுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டம் வேலி. வெளியாட்கள் நுழைவதே குற்றம். ஆனாலும் ஜாரவா காட்டுக்குள் பன்றிக்கும் மானுக்கும் கண்ணி வைக்கும் திருட்டு வேட்டைக்காரர்கள் நுழைந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஜாரவாவுக்குப் பன்றி என்பது மாற்றுச் சாப்பாடு இருக்கும்போது சாப்பிடும் பண்டமல்ல. சந்தைக்குப் போகும் ஒவ்வொரு கிலோவும் அவர்கள் அடுப்பிலிருந்து எடுத்தது.

கிரேட் நிகோபாரின் உட்காட்டில் வாழும் ஷோம்பென்களும் பன்றி வேட்டைக்காரர்களே. ஈட்டிதான் ஆயுதம். 2011 கணக்கில் 229 பேர். உயர்த்திய தளத்தில், நெருப்பின் பக்கத்தில் தூங்குகிறவர்கள். அந்தத் தீவின் கலதியா விரிகுடாவில் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், புது நகரம் என்று பெரும் திட்டத்துக்கு 2022-இல் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. அதற்காக 130 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான காட்டு நிலம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. பரண் என்பது நாலு கழியும் கொஞ்சம் பிரம்பும்தான், எங்கும் கட்டலாம். அதைச் சுற்றிக் காடும், காட்டில் பன்றியும் இருந்தால்தான் அது வேட்டைக்காரனின் படுக்கை. இல்லாவிட்டால் அகதி முகாமின் கட்டில்.

மூட்டையில் என்ன வைக்கலாம்?

பயணிக்கு வேட்டை இல்லை என்றாலும் இரவு உண்டு. சென்னையிலிருந்து கப்பலில் மூன்று நாள். ஏ.சி. அறை எடுத்தவர்களுக்கு அங்கேயே ஒரு போர்வை தேவைப்படும். தீவுகளில் பெரும்பாலானோர் விடுதியில்தான் தங்குவார்கள். பறவை பார்க்க, ஆமை ஆராய்ச்சிக்கு உதவ, மலையேற என்று வனத்துறை அனுமதியோடு வெளியே படுக்க வேண்டியவர்கள் கடையில் கேட்க வேண்டிய கேள்வி 'எத்தனை டிகிரி?' என்பதல்ல. 'தரையிலிருந்து எப்படி உயர்வது, மேலே எப்படி மூடுவது, எதை உலர்வாக வைத்திருப்பது?' என்ற மூன்றும்தான். தீவுவாசிகளின் அதே மூன்று துண்டுகள்.

உயர்வதற்கு, இரண்டு மரங்களுக்கிடையே கட்டும் ஹாமக் அல்லது மடக்குக் கட்டில். குழந்தையைத் தூளியில் போட்டு வளர்த்த நமக்கு ஹாமக் புதிதல்ல. ஆனால் அடியில் காற்று அடித்தால் முதுகு சில்லிடும், ஆகவே ஒரு மெல்லிய பாய் உள்ளே வேண்டும். மூடுவதற்கு, படுக்கையைவிட எல்லாப் பக்கமும் ஒரு முழம் நீண்ட தார்ப்பாய். நைலான் கயிறு தாராளமாக. கயிற்றின் வழியே மழைநீர் வழிந்து படுக்கைக்குள் வராமலிருக்க, படுக்கைக்குச் சற்று முன்னால் அதில் ஒரு துணித் துண்டைக் கட்டித் தொங்கவிட்டால் நீர் அங்கேயே சொட்டிவிடும். கொசுவலை கண்டிப்பாக. நிகோபாரில் மலேரியா பழைய விருந்தாளி. கடற்கரை மணல் ஈக்குச் சாதாரண வலைக்கண் பெரிது, நெருக்கமான வலையாகப் பார்த்து வாங்க வேண்டும்.

நெருப்பை மட்டும் பயணி காப்பியடிக்க முடியாது. அனுமதியில்லாமல் காட்டில் தீ மூட்டுவது குற்றம், மூட்டவும் கூடாது. அதற்கு மாற்று, உலர்ந்த ஒரு செட் உடை. தண்ணீர் புகாத பையில் கட்டி, இரவுப் படுக்கைக்கு மட்டும் எடுக்க வேண்டும். காலையில் மறுபடி ஈர உடையைப் போட்டுக்கொள்ள மனசு வராது. போட்டுக்கொள்ளத்தான் வேண்டும். உலர்ந்ததையும் நனைத்துவிட்டால் அடுத்த இரவு இல்லை.

போர்வை கடைசியில்தான் வருகிறது. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை ஒரு பருத்தி அல்லது பட்டு விரிப்பு போதும். மழை மாதங்களில் செயற்கை இழை அடைத்த மெல்லிய பை, கம்ஃபர்ட் எண் 15 டிகிரிக்கு மேலே உள்ளதாக, நீளத்துக்கும் ஜிப் திறந்து போர்வையாக விரிக்க முடிந்ததாக இருந்தால் நல்லது. தூவிப் பையை வீட்டிலேயே வைத்துவிட்டு, லடாக் போகும்போது எடுத்துக்கொள்ளலாம்.

இடம் பார்ப்பதிலும் கவனம் தேவை. தென்னை மரத்தடி வேண்டாம், காய் விழும். அலைக்கோட்டுக்கு அருகே வேண்டாம், இரவில் கடல் ஏறும். கழிமுகம், அலையாத்திக் காட்டின் ஓரம் வேண்டவே வேண்டாம். உவர்நீர் முதலைகள் அந்தமானின் நிஜம். 2010 ஏப்ரலில் ஹேவ்லாக் தீவில், இன்றைய ஸ்வராஜ் த்வீப்பில், ஓர் அமெரிக்கப் பயணி முதலைக்கு இரையானார்.

அந்தமான் நெடுஞ்சாலையில் கான்வாயோடு போகும்போது ஜாரவாக்களைப் பார்க்க நேரலாம். கண்ணாடியை இறக்குவது, படம் எடுப்பது, பிஸ்கட் வீசுவது எல்லாம் சட்டப்படி குற்றம். மழையில் நனைந்து நிற்கும் ஒரு குழந்தையைப் பார்த்து, பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து நீட்டத் தோன்றினால் அதையும் அடக்கிக்கொள்ளுங்கள். அந்தக் குழந்தை போக வேண்டிய இடத்தில் ஒரு பரண் இருக்கிறது. அதன் பக்கத்தில் ஒரு கட்டை புகைந்துகொண்டிருக்கிறது.